ஒன்பதாம் நாள் கஞ்சி

இருங்க அண்ணாச்சி, என்ன அவசரம்? மணி மூணேகால்தான் ஆகுது. நாலு அடிக்காம அந்தக் கேட்டைத் திறக்க மாட்டான். மழை வேற தூறுது. இங்கே கூரை இருக்கு, மாஸ்டர் போடுற டீ இருக்கு, பெஞ்சுல இடம் இருக்கு. உக்காருங்க.

கழுத்துல தொங்குற மஞ்சள் பாஸைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். மூணாவது மாடி, எலும்பு வார்டு. யாருக்கு? அம்மாவுக்கா. இடுப்பு மூட்டு மாத்தியிருக்கா. சரி. ஆபரேஷன் ஆகி எத்தனை நாள்? ஆறு நாளா. காய்ச்சல் உண்டா? தையல் போட்ட இடத்துல ஈரம், கசிவு ஏதாவது? இல்லையா. நல்லது. இருந்தா மறைக்காதீங்க. ஒரு பொட்டு கசிஞ்சாலும் அன்னைக்கே டாக்டர்ட்ட சொல்லிடுங்க. அனுபவப்பட்டவன் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.

என் பேரு கொம்பையா. ஜங்ஷன் பக்கம் ஒரு மருந்துக்கடையில பத்தொன்பது வருஷமா ராத்திரி டூட்டி. படிச்சது எட்டாம் கிளாஸ்தான். மருந்தாளுநர் சர்டிபிகேட் யார் பேர்லயோ சுவத்துல கண்ணாடி போட்டுத் தொங்கும், அந்த ஆள் தீபாவளிக்கு ஒரு தடவை வந்து ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டுப் போவாரு. மத்த நாள் பூரா நான்தான். எந்த மாத்திரை எதுக்குன்னு யாரும் எனக்குச் சொல்லித் தரலை. அட்டையில இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சுப் படிச்சு நானே தெரிஞ்சுக்கிட்டேன். வயித்துப்போக்கு, காது வலி, சீழ், என்னன்னாலும் சனங்க டாக்டரைத் தேடாது, கொம்பையா இருக்கானான்னுதான் கேக்கும். இப்போ அந்த வேலையும் இல்லை. அதை விடுங்க.

உங்க வார்டுல ஏழாம் நம்பர் கட்டில்ல ஒரு பொம்பளையைப் பார்த்திருப்பிய. உலகம்மாள்னு பேரு. அறுபது வயசு. இடது காலை நீட்டினபடியே வச்சு பட்டை போட்டுக் கட்டியிருக்கும். பக்கத்துல ஒல்லியா ஒரு பொண்ணு, யாரையும் நிமிர்ந்து பார்க்காது. அது அவ மக பிரமு. அந்த உலகம்மாள் என் கூடப்பிறந்த அக்கா. ரெண்டு பேரும் என் கூடப் பேசுறதில்லை. எனக்கும் இந்தக் கேட்டைத் தாண்ட உத்தரவு கிடையாது. கோர்ட்டு உத்தரவு. ஜாமீன்ல இருக்கேன். தினமும் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து, அப்புறம் சாயந்தரம் வரை இந்த பெஞ்சு.

ஏன்னு கேளுங்களேன். கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன். மூட்டு டாக்டர் ஞானதுரை இருக்காருல்லா, அவரோட வலது மணிக்கட்டை உடைச்சது நான்தான்.

பாருங்க, நகருதிய. எல்லாரும் இப்படித்தான் பெஞ்சோட அந்தக் கடைசிக்குப் போயிடுதாங்க. போங்க, ஆனா கேளுங்க. என் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு.

எங்க அம்மா சாகும்போது எனக்கு நாலு வயசு, அக்காவுக்குப் பதினாறு. அவதான் வளர்த்தா. பீடி சுத்தி வளர்த்தா. காலை மடக்கி, மடியில தட்டை வச்சுக் குனிஞ்சான்னா, ஆயிரம் பீடி கட்டின பிறகுதான் நிமிருவா. நாப்பது வருஷத்துக்கு மேல அப்படி உக்கார்ந்தா. முழங்கால் தேயாம வேற என்ன செய்யும்?

அத்தான், அதான் அக்கா வீட்டுக்காரரு, ஒரு நாள் அவளை அறைஞ்சாரு. எனக்குப் பத்தொன்பது வயசு அப்போ. முடியைப் பிடிச்சு வாசலுக்கு இழுத்துப் போட்டு மிதிச்சேன். முன்பல் ரெண்டு போச்சு. அக்கா என்ன செஞ்சா தெரியுமா? மண்ணுல மண்டி போட்டு அந்த ரெண்டு பல்லையும் தேடி எடுத்து, கழுவி, அவரு கையில கொடுத்தா. எனக்கு ஒரு வாரம் சோறு போடலை. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது விளங்கலை. அவளுக்காகத்தானே அடிச்சேன்? நான் கை நீட்டினதெல்லாம் பிரியத்துலதான் அண்ணாச்சி. என் வீட்டுக்காரி அதைப் புரிஞ்சுக்கிடாம என்னை விட்டுப் போனா, ஒன்பது வருஷம் ஆகுது. அத்தானும் போய்ச் சேர்ந்தாரு. அதுல இருந்து அக்கா வீட்டுலதான் என் சோறு, படுக்கை எல்லாம்.

தை மாசம் அக்காவுக்கு மூட்டு மாத்தினாங்க. இதே ஞானதுரைதான். குத்தம் சொல்லக் கூடாது, மூணாம் நாள் நடக்க விட்டாரு. பங்குனியில கோயில் கொடியேத்தத்துக்குத் தானா நடந்து போனா. எனக்குப் பெருமைன்னா பெருமை. கடைக்கு வாறவன் போறவன்ட்டல்லாம் சொன்னேன்.

பங்குனிக் கடைசியில ஒரு நாள் வேலை முடிஞ்சு வீட்டுக்கு வாறேன். அக்கா காலை நீட்டி உக்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கிட்டு இருக்கா. தொட்டுப் பார்த்தேன். இப்போதான் அடுப்புல இருந்து இறக்கின சட்டி மாதிரி இருந்துச்சு. தழும்போட கீழ் முனையில ஒரு கொப்புளம். அமுக்கினேன். ஒரு சொட்டு வந்துச்சு, மஞ்சளா.

வீட்டுக்கு அனுப்புறப்போ ஒரு தாள் கொடுத்திருந்தாங்க. தமிழ்லதான் போட்டிருந்துச்சு. வீக்கம், சூடு, கசிவு இருந்தா அன்னைக்கே வரணும், தானா எந்த மாத்திரையும் போடக் கூடாதுன்னு. பிரமு அதைச் சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருந்தா. நானும் தினமும் பார்த்ததுதான். எல்லா டாக்டரும் அப்படித்தான் எழுதுவாங்க, மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியாதா? கூட்டிட்டுப் போனா மறுபடி கிழிப்பாங்க. முதல் ஆபரேஷனுக்குப் போறப்போ அவ என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா அண்ணாச்சி. அந்தக் கசங்கல் இன்னும் அந்தச் சட்டையில இருக்கு. அவளை இன்னொரு தடவை கத்திக்குக் கொடுக்க எனக்கு மனசு வரலை.

கடையில வெட்டு அட்டை நிறையக் கிடக்கும். பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தா நாலு போதும்னு வாங்கிட்டுப் போவான்லா, மிச்சம் அது. அதுல சீழுக்கு உள்ளதா எடுத்துட்டு வந்தேன். அக்காவுக்கு மாத்திரை முழுங்க வராது, தொண்டையில நின்னுக்கிடும். கரண்டியால நுணுக்கிக் கஞ்சியில கலந்தேன். காலையில வேலை முடிஞ்சு வந்து ஒரு வேளை, சாயந்தரம் புறப்படுறப்போ ஒரு வேளை. ஏலே, கஞ்சி கசக்குதேன்னு கேட்டா. உப்பு கூடிட்டுன்னு சொன்னேன். குடிச்சா.

அஞ்சே நாள். கொப்புளம் காஞ்சு பொருக்குத் தட்டிட்டு. சூடு அடங்கிட்டு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? எட்டாம் கிளாஸ் படிச்சவன் ஒரு ஆபரேஷனைத் தடுத்திருக்கேன்.

பதினஞ்சு நாள் கழிச்சுத் திரும்ப வந்துச்சு. பவரைக் கூட்டினேன். போச்சு. மறுபடி வந்துச்சு. வேற மருந்து மாத்தினேன். போச்சு. இப்படியே ஆனி வரைக்கும் ஓட்டினேன். வரும், போகும். ஒவ்வொரு தடவை வாறப்பவும் கொஞ்சம் கூடுதலா வரும்.

பிரமு கண்டுபிடிச்சிட்டா. மாமா, அந்தத் தாள்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சியளான்னு கேட்டா. ஒரு அறை விட்டேன். ஒண்ணே ஒண்ணுதான். கம்மல் தெறிச்சு அடுப்புக்குள்ள விழுந்துச்சு. அவ அழக்கூட இல்லை. சாம்பலைக் கிளறிக் கம்மலை எடுத்துக்கிட்டா. மறுநாள் நான் தூங்கிக்கிட்டு இருக்கிறப்போ அம்மாவை ஆட்டோவுல ஏத்தி இங்கே கொண்டு வந்துட்டா. மாத்திரை சங்கதியை மட்டும் அவ சொல்லலை. என் கைக்குப் பயந்து சொல்லலை. அப்படின்னு அவளே பிற்பாடு போலீஸ்ல சொல்லியிருக்கா.

நான் எழுந்து ஓடி வந்தேன். ஞானதுரை அமுக்கிப் பார்த்தாரு, ரத்தம் எடுத்தாரு, படம் எடுத்தாரு. அப்புறம் இவ்வளவு நீள ஊசியை மூட்டுக்குள்ள இறக்கி நீரை உறிஞ்சினாரு. கலங்கலா வந்துச்சு, பழைய நீராகாரம் மாதிரி. ரெண்டு பாட்டில்ல ஊத்தினாரு. இதுல கிருமி வளருதான்னு பதினாலு நாள் வச்சுப் பார்ப்போம்னாரு. உள்ளே கிருமி இருக்கிறது நிச்சயம், எந்தக் கிருமின்னு தெரிஞ்சாதான் எந்த மருந்துன்னு தெரியும், உலோகத்து மேல அது ஆத்துப் படித்துறையில பாசி பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்கிடும், மேல தண்ணி ஓடினா மட்டும் பாசி போயிடுமா, அப்படின்னு அக்காவுக்குப் புரியிற மாதிரிதான் சொன்னாரு.

அப்புறம் கேட்டாரு, இதுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிட்டியளான்னு.

அக்கா சொன்னா, ஒரு மாத்திரையும் நான் வாயில போடலை டாக்டரே, எங்க அம்மா மேல சத்தியம்னு. அவ பொய் சொல்லலை. அவ எங்கே மாத்திரையைப் பார்த்தா?

என் பக்கம் திரும்பினாரு. நீங்க மெடிக்கல்ல இருக்கியளாமே, நீங்க எதுவும் கொடுத்தியளான்னு.

இல்லைன்னேன்.

என்னத்தைச் சொல்லச் சொல்லுதிய? சர்டிபிகேட் இல்லாதவன் மூணு மாசமா மருந்து கொடுத்தேன்னு சொன்னா, என் வேலை போகும், கடை போகும். அதை விட, பிரமு முன்னால, அக்கா முன்னால. முடியலை.

அந்தப் பதினாலு நாளும் வீட்டுல வச்சு நான் கொடுத்துக்கிட்டுதான் இருந்தேன். பாட்டில்ல அவரு கிருமியைத் தேடட்டும், அது வரைக்கும் அக்காவைச் சும்மா விட முடியுமா? பதினஞ்சாம் நாள் முடிவு வந்துச்சு. பாட்டில்ல ஒண்ணும் வளரலை. மனுஷன் குழம்பிட்டாரு. ரெண்டாவது தடவை ஊசி. மறுபடி பதினாலு நாள். மறுபடி ஒண்ணுமில்லை. ரெண்டாம் தடவையும் அதே கேள்வி, மாத்திரை ஏதாவது? நானும் அதே பதில்தான்.

ஆவணி முதல் வாரம், ஒரு புதன்கிழமை காலையில கூப்பிட்டு விட்டாரு. அக்காவை அந்த உயரமான பெட்ல படுக்க வச்சிருந்தாங்க. பிரமு தலைமாட்டுல. அவரு மேஜை மேல ஒரு மூட்டு பொம்மை இருக்கும், நீங்களும் பார்த்திருப்பிய. எலும்பு பிளாஸ்டிக்கு. ஆனா நடுவுல இருக்கிறது நிஜ உலோகம், நல்ல கனம். அதைக் கையில எடுத்து வச்சுக்கிட்டுச் சொல்லுதாரு. இதை முழுசா வெளியே எடுக்கணும். சிமென்ட் போட்டு ஒட்டியிருக்கு, உளி வச்சுத் தட்டித்தான் எடுக்கணும். எடுத்துட்டு அந்த இடத்துல மருந்து கலந்த சிமென்ட் கட்டை ஒண்ணு வைப்போம். ஆறு வாரம் ஊசி மருந்து. அப்புறம் சுத்தமாயிட்டுதான்னு பார்த்துட்டுப் புது மூட்டு. கிருமி பேரு தெரியாததால கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் மருந்து கொடுக்கணும், அதுதான் எனக்குப் பயமா இருக்குன்னாரு.

பயமா இருக்காம். மூட்டை வச்சவரே சொல்லுதாரு.

மேஜை மேல அவரு வலது கை விரிச்சபடி இருந்துச்சு. பொம்மையைப் பிடுங்கினேன். முதல் அடி கோபத்துல. அதை நான் மறுக்கலை. ரெண்டாவது, அக்கா காலை இதே மாதிரி தட்டுவேன்னு சொன்னாருல்லா, அதுக்கு. மூணாவது எதுக்குன்னு எனக்கே தெரியலை. பச்சை முருங்கைக் கொப்பை முறிச்சா ஒரு சத்தம் வருமே, அது ரெண்டாவது அடியிலயே கேட்டுட்டு. அதுக்கு மேலயும் அடிச்சேன்.

அவரு கத்தலை. அதுதான் என்னமோ பண்ணுது இப்போ வரைக்கும். கையைத் தன் கண்ணு முன்னால கொண்டு வந்து, ஒவ்வொரு விரலா அசைச்சுப் பார்த்தாரு, வேற யாரோட கையையோ சோதிக்கிற மாதிரி. சுண்டு விரல் அசைஞ்சது. மோதிர விரல் அசைஞ்சது. கட்டை விரல் அசையலை.

கீழே தொப்புன்னு சத்தம். அக்கா. அந்த உயரத்துல இருந்து உருண்டு அந்தக் காலோட விழுந்திருக்கா. தழும்பு பிளந்துட்டு. ரத்தமும் சீழும் வழிய வழியத் தரையில தேய்ச்சுக்கிட்டே வாறா. என்கிட்ட வாறான்னு நினைச்சேன். என்னைத் தாண்டிப் போனா. மேஜையைப் பிடிச்சு எழும்பி, அவரு கையைத் தன் முந்தானையால சுத்தி, நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டா. திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் வார்டு ஆளுங்க வந்தாங்க. ஸ்டெச்சர் தள்ளுறவனுங்க, கை எல்லாம் இரும்பு. வராண்டாவுல போட்டு மிதிச்சானுங்க. விலா எலும்பு ஒண்ணு விட்டுப் போச்சு. இந்தப் பக்கம் பாருங்க, பல்லு ரெண்டு. எனக்கு யாரும் தேடி எடுத்துத் தரலை.

இதுல ஒரு விசேஷம் சொல்லுதேன் கேளுங்க. ஸ்டேஷன்ல ஏட்டையா என் சட்டைப் பையில இருந்ததை எல்லாம் வரிசையா எழுதினாரு. சீப்பு ஒண்ணு. திருநீறு பொட்டலம் ஒண்ணு. பஸ் டிக்கெட் ரெண்டு. மாத்திரை அட்டை ஒண்ணு, பத்துக்கு நாலு மிச்சம். அதே தாள்ல அந்த மூட்டு பொம்மையையும் எழுதியிருந்தாரு. ரெண்டு நாள் கழிச்சு, இதுதான் உங்களை அடிச்ச பொருளான்னு அடையாளம் காட்ட ஞானதுரையைக் கூட்டி வந்திருக்காங்க, கை பூரா மாவுக்கட்டு. மனுஷன் பொம்மையைப் பார்க்கலையாம். தாளைப் படிச்சிருக்காரு. மாத்திரை அட்டைங்கிற இடத்துல நின்னுட்டாராம். அதை எடுங்கன்னாராம். பேரைப் பார்த்துட்டு, இடது கையால போனை எடுத்து அங்கேயிருந்தே வார்டுக்குச் சொல்லியிருக்காரு. ஏழாம் நம்பர் பேஷன்டுக்கு வெளியில இருந்து சோறு, தண்ணி, எதுவும் வரக் கூடாது, ரெண்டு வாரம் எந்தக் கிருமி மருந்தும் கிடையாது, அப்புறம் திரும்ப ஊசி போட்டு நீர் எடுங்கன்னு. ஏட்டையாதான் எனக்குச் சொன்னாரு. சொல்லிட்டு, ஏலே நீ பெரிய டாக்டருல்லான்னு சிரிச்சாரு.

இருபத்தாறு நாள் ஜெயில்ல இருந்தேன். அந்த நேரத்துலதான் மூணாவது தடவை நீர் எடுத்துப் பாட்டில்ல வச்சாங்க. நாலே நாள்ல கிருமி வளர்ந்துட்டு. பேரு வாயில நுழையாது. எந்த மருந்துக்குச் சாகும், எதுக்குச் சாகாதுன்னு பட்டியலே வந்துட்டு. நான் கொடுத்தது சாகாத பட்டியல்ல இருந்துச்சாம், கிருமியைச் சும்மா மயக்கம் போட வச்சிருந்துச்சாம், அதனாலதான் முதல் ரெண்டு தடவையும் பாட்டில்ல வளரலையாம், அவ்வளவுதான்.

இப்போ நீங்க சொல்லுங்க. நான் அடிக்காம இருந்திருந்தா என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருப்பாங்களா? பையைப் பார்த்திருப்பாங்களா? அவருக்கு அந்தச் சங்கதி தெரிஞ்சிருக்குமா? அந்தக் கிருமியை நான்தான் கண்டுபிடிச்சுக் கொடுத்தேன். என் கைதான் கண்டுபிடிச்சது. யாரும் ஒத்துக்கிட மாட்டேங்கான்.

குனிஞ்சு டீயை ஆத்துதிய. சரி.

நான் வெளியே வந்த அன்னைக்குத்தான் ஆபரேஷன். இந்த பெஞ்சுலதான் உக்கார்ந்திருந்தேன். மதுரையில இருந்து வேற டாக்டர் வந்து செஞ்சாரு. ஞானதுரை மாவுக்கட்டோட பக்கத்துல நின்னு, இங்கே தட்டுங்க, இங்கே சுரண்டுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். தியேட்டர்ல வேலை பாக்கிற ஆள் ஒருத்தன் இங்கே டீ குடிக்க வருவான். ஒன்றரை மணி நேரம் சுத்தியல் சத்தம்னான். உலோகத்தைப் பெயர்த்தப்போ கூடவே எலும்பும் சிலாம்பு சிலாம்பா வந்துச்சாம். அடியில பூரா வழுவழுன்னு, நாத்தம் தாங்காம ரெண்டு மாஸ்க் போட்டானாம். வாளி வாளியாத் தண்ணி விட்டுக் கழுவினாங்களாம். எனக்கு அவனை அடிக்கணும் போல இருந்துச்சு. நான் வாங்கிக் கொடுத்த டீக்கு நன்றி சொல்லிட்டுப் போயிட்டான்.

அக்கா கண் முழிச்சதும் பிரமு எல்லாத்தையும் சொல்லிட்டா. அக்கா ஞானதுரைட்ட சொன்னாளாம்: "எனக்குக் கசப்பு தெரிஞ்சது டாக்டரே. தம்பி கொடுத்தான்னுதான் குடிச்சேன்."

அவ்வளவுதான். அதுக்குப் பிறகு என் பேரை எடுக்கலை.

ஆறு வாரம் ஊசி மருந்து ஏறுச்சு. ஒன்பது நாளைக்கு முன்னால அதையும் நிறுத்திட்டாங்க. பதினாலு நாள் ஒரு மருந்தும் இல்லாம வச்சிருந்து, வாற செவ்வாய்க்கிழமை ஊசி போட்டு நீர் எடுப்பாங்களாம். சுத்தமா இருந்தா புது மூட்டு. மருந்தோட மயக்கத்துல கிருமி ஒளிஞ்சிருந்து, அது தெரியாமப் புது மூட்டை வச்சுட்டாங்கன்னா, இன்னொரு தடவை பெயர்த்து எடுக்க அங்கே எலும்பு இல்லையாம். தொடைக்குக் கீழே காலே கிடையாதுன்னு ஞானதுரை பிரமுட்ட சொல்லியிருக்காரு. எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமப் பேசலை.

ஆனா ஒன்பது நாள் அண்ணாச்சி. அந்த உடம்புல ஒரு மருந்தும் இல்லாம. வாசக்கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குற மாதிரி இல்லையா? எனக்கு இங்கே உக்கார முடியலை. கண்ணை மூடினா அந்தக் கொப்புளந்தான் தெரியுது.

மணி என்ன? மூணு அம்பதா. அப்போ விஷயத்துக்கு வாறேன்.

இந்தத் தூக்குச்சட்டியில கஞ்சி இருக்கு. நீங்க மேலே போறப்போ ஏழாம் நம்பர் கட்டில்ல கொடுத்திருங்க. என் பேரைச் சொல்ல வேண்டாம். டீக்கடையில வாங்கினதுன்னு சொல்லிடுங்க. ஒரு டம்ளர்ல ஊத்திக் கொடுங்க, சட்டியை அவ கண்ணுல காட்டாதீங்க. மூடியில நெளிவு இருக்கு பாருங்க, என் வீட்டுக்காரி மேல எறிஞ்சப்போ விழுந்தது, பார்த்தா கண்டுபிடிச்சிடுவா. ஒன்பது நாளா ஆள் தேடுதேன். ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான். நேத்து ஒருத்தரு வாங்கிட்டுப் போயிக் கேட்டுக்கு உள்ளேயே கொட்டிட்டாரு, இங்கேயிருந்தே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

கஞ்சிதான். அரிசி, சிறுபயறு, உப்பு. உப்பு கொஞ்சம் கூடியிருக்கும்.

என்ன, எந்திரிச்சிட்டிய? இன்னும் கேட் திறக்கலையே. உக்காருங்க. உங்க அம்மா மாதிரி ஒரு பொம்பளை, வயித்துக்குக் கஞ்சி கொண்டு போக முடியாதா உங்களுக்கு? மூணு மாடி ஏறுறதுக்கு என்ன? லிப்ட்டுதானே? நில்லுங்கன்னா நில்லுங்க.

கையை விடணுமா? எந்தக் கையை?

ஆமா. பிடிச்சிருக்கேன்.

நான் பிடிச்சதே எனக்குத் தெரியலை அண்ணாச்சி. மணிக்கட்டைத்தான் பிடிச்சிருக்கேன். நாடி அடிக்கிறது என் விரல்ல தெரியுது. அவரு கையைப் பிடிச்சு அமுக்கிட்டுத்தான் ரெண்டாவது அடி அடிச்சேன், அப்பவும் இப்படித்தான் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இதை நான் போலீஸ்ல கூடச் சொல்லலை. இந்தா, விட்டுட்டேன். சிவந்து போச்சு. மாஸ்டர், அவருக்குக் கொஞ்சம் ஐஸ் இருந்தா கொடும். வேண்டாமா. சரி.

என்ன கேக்கிய? மாத்திரை ஏதாவது போட்டிருக்கான்னா?

எத்தனை பேருதான் இந்தக் கேள்வியைக் கேப்பிய. டாக்டர் ரெண்டு தடவை கேட்டாரு. ஏட்டையா கேட்டாரு. இப்போ நீங்க. வாயைத் திறந்தா தானா ஒரு சொல் வரும் எனக்கு. இப்போ வரலை. அதுக்கு என்னை ஏன் அப்படிப் பாக்கிய? என் சட்டைப் பையை ஏன் பாக்கிய? ஆமா, அட்டைதான். பத்துல ரெண்டு இல்லை. எண்ணிக்கிடுங்க.

ஏய், ஏய். மூடியை எதுக்குத் திறக்கிய? அண்ணாச்சி, வேண்டாம். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வச்ச கஞ்சி அது. சொன்னாக் கேளுங்க.

கொட்டிட்டிய.

சாக்கடையில கொட்டிட்டிய.

ஆமா, கை ஓங்கித்தான் நிக்கேன். எனக்கும் தெரியுது. மாஸ்டர், நீரு கரண்டியைக் கீழே வையும், நான் இன்னும் அடிக்கலை. எல்லாரும் ஒரு நிமிஷம் சும்மா இருங்க. இது தானாத்தான் இறங்கணும். கொஞ்ச நேரம் ஆகும்.

இறங்கிட்டு.

உக்காருதேன். பாருங்க, நாய் கூட மோந்து பார்த்துட்டுப் போயிட்டு. கசப்பு அதுக்குத் தெரியுது.

மணி அடிச்சிட்டான். கேட்டைத் திறக்கான். போங்க, உங்க அம்மா பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

அண்ணாச்சி, ஒரு நிமிஷம். பயப்படாதீங்க, அங்கேயே நில்லுங்க, நான் கிட்ட வரலை. அந்தச் சட்டியை மாஸ்டர்ட்ட கொடுங்க. மாஸ்டர், வெந்நீர் விட்டு நல்லாக் கழுவும். இன்னொரு தடவை. மூடியையும்.

இதைக் காலியாவே கொண்டு போங்க. ஏழாம் நம்பர் கட்டிலுக்கு. இந்தத் தடவை சட்டியைக் காட்டுங்க. நெளிவைப் பார்த்ததும் அவ மூஞ்சியைத் திருப்புவா. திருப்பட்டும். மூடியைத் திறந்து, உள்ளே பார்க்கச் சொல்லுங்க. யார் கொடுத்தான்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க.

உள்ளே மாத்திரை ஏதாவது உண்டான்னு கேப்பா. இல்லைன்னு சொல்லுங்க. இந்தத் தடவை அது நிஜம்.